மன வரைபடம் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திட்டங்களை மன வரைபட மென்பொருளில் (ஒரு தலைப்பை நடுவில் வைத்து அதைச் சார்ந்தவற்றைக் கிளைகளாக வரையும் மென்பொருளில்) போட்டு நடத்துகிறவர்கள் என்னை அழைக்கும்போது பெரும்பாலும் ஒரே வாசகத்தில்தான் தொடங்குகிறார்கள்: "மென்பொருள் கெட்டுவிட்டது." உண்மையில் மென்பொருள் கெட்டிருப்பது அபூர்வம். எதையோ மடக்கி வைத்திருப்பார்கள். கோப்பை இடம் மாற்றியிருப்பார்கள். அல்லது வரைபடத்தால் செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டியிருப்பார்கள். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது இதில் எங்குமே முதல் படியாக வராது.

ஃப்ரீப்ளேன், ஃப்ரீமைண்ட், எக்ஸ்மைண்ட், மைண்ட்மேனேஜர் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்றவற்றில் பொத்தான்களின் பெயர் மாறலாம், சோதிக்கும் வரிசை மாறாது. மையத் தலைப்பிலிருந்து பிரிவதைக் கிளை என்றும், வாசகம் எழுதும் ஒவ்வோர் இடத்தையும் பெட்டி என்றும் குறிப்பிடுகிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

வரைபடம் இன்னும் திறந்திருந்தால் மூடாதீர்கள். மூடிய மறுகணம், செய்ததைப் பின்வாங்கும் வசதி போய்விடும். அதே பெயரில் சேமிக்கவும் வேண்டாம். வேறு பெயரில் சேமியுங்கள். ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், கோப்புறைக்குப் போய்க் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். கீழே வரும் எல்லாச் சோதனைகளும் நகலில் செய்வதற்கானவை.

## அறிகுறி: நேற்று இருந்த கிளை இன்று இல்லை

### மடங்கியிருக்கிறதா?

பெட்டியின் ஓரத்தில் சிறு வட்டமோ எண்ணோ தெரிந்தால் அதற்குள் கிளைகள் மடங்கிக் கிடக்கின்றன. ஃப்ரீப்ளேனில் ஸ்பேஸ் விசை மடக்கும், விரிக்கும். எக்ஸ்மைண்டில் கன்ட்ரோல் விசையோடு சாய்கோடு. மையப் பெட்டியில் நின்று 'அனைத்தையும் விரி' கொடுங்கள். பல அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடும்.

### வடிகட்டி போட்டபடி விட்டிருக்கிறதா?

"முடியாத வேலைகளை மட்டும் காட்டு" என்று போன வாரம் யாரோ வடிகட்டியிருப்பார்கள். சில மென்பொருள்களில் வடிகட்டி அணைந்ததா இல்லையா என்பது கண்ணில் படாத மூலையில்தான் தெரியும். வடிகட்டும் பட்டியைத் திறந்து, வடிகட்டலை முழுதாக நீக்குங்கள்.

### ஒரு கிளையை மட்டும் காட்டும் பார்வையில் இருக்கிறீர்களா?

மையத்தில் இருக்கும் தலைப்பைப் படியுங்கள். அது திட்டத்தின் பெயராக இல்லாமல் ஏதோ துணைக்கிளையின் பெயராக இருந்தால், நீங்கள் உள்ளே இறங்கி நிற்கிறீர்கள். ஒரு படி மேலே ஏறினால் மற்றவை வந்துவிடும்.

### தேடல் பொய் சொல்கிறதா?

"தேடிப் பார்த்தேன், இல்லை" என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கு மூன்று சோதனைகள்.

முதலாவது: ஃப்ரீமைண்டிலும் ஃப்ரீப்ளேனிலும் சாதாரணத் தேடல் நீங்கள் நிற்கும் பெட்டியில் தொடங்கி அதற்குக் கீழே மட்டுமே போகும். பக்கத்துக் கிளையை அது எட்டிப் பார்க்காது. மையப் பெட்டிக்கு வந்துவிட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது: தேடும் சொல் பெட்டியின் வாசகத்தில் இல்லாமல் அதோடு ஒட்டிய குறிப்பில் இருக்கலாம். குறிப்புகளையும் சேர்த்துத் தேடச் சொல்லி அமைப்பை மாற்றுங்கள்.

மூன்றாவது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை. 'கொள்முதல்' என்று எழுதும்போது முதல் எழுத்தை யூனிகோடில் (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையில்) இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் குறியீட்டைக் குறியீட்டோடு ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தலையை வெட்டிவிட்டு 'ள்முதல்' என்று தேடுவது. அப்போது கிடைத்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. கிடைத்த பெட்டியிலிருந்து சொல்லை நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டி, மாற்றித் தேடும் வசதியில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். காலுக்குப் பதிலாக 'ர' அடிக்கும் பழைய பழக்கமும், ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்போடு 'ள' அடிக்கும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். ஒரே வரைபடத்தில் பலர் பல விசைப்பலகைகளில் தட்டச்சு செய்தால் இது வராமல் இருக்காது.

### வேறு கிளைக்குள் விழுந்துவிட்டதா?

ஒரு பெட்டியைச் சுட்டியால் இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் அது அதன் கீழே போய் அதன் குழந்தையாகிவிடும். ஓரத்தில் விட்டால் உடன்பிறப்பாகும். மடங்கிய பெட்டியின் மேல் விட்டால் அடுத்த கணமே கண்ணிலிருந்து மறையும். தொடுபலகையில் வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மேலே சொன்ன முறையில் தேடினால் கிடைக்கும். கிடைத்ததும் இழுக்காதீர்கள், வெட்டி ஒட்டுங்கள்.

### திறந்திருப்பது பழைய பிரதியா?

சாளரத்தின் தலைப்பில் கோப்பின் முழுப் பாதையைப் பாருங்கள். 'அண்மையில் திறந்தவை' பட்டியல், பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் மின்னஞ்சல் பிரதியைத் திறந்து தருவது வாடிக்கை. அதே பெயருள்ள கோப்புகளைக் கணினி முழுக்கத் தேடி, கடைசியாகத் திருத்திய நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள்.

### எப்போது உதவி கேட்பது?

கோப்பு மேகச் சேமிப்பில் இருந்தால் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். தாமதிக்கக் கூடாத இடம் இது. கூகுள் டிரைவ் இத்தகைய கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரைதான் வைத்திருக்கும். அலுவலகச் சேவையகத்தில் இருந்த கோப்பு என்றால், கணினிப் பிரிவினரிடம் எந்தத் தேதிக்கு முந்தைய பிரதி வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். "பழையது ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் ஏதாவதுதான் கிடைக்கும்.

## அறிகுறி: ஒரு பெட்டியைத் தொட்டால் ஒரு யுகம் ஆகிறது

எல்லாக் கிளைகளையும் விரித்து வைத்திருந்தால் முதலில் மடக்குங்கள். திரையில் வரைய வேண்டியது குறைந்தாலே பாதி பாரம் இறங்கும்.

அப்படியும் மெதுவாக இருந்தால் படங்களைச் சந்தேகியுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்) அளவில் இருந்தால், வட்டில் அது சில மெகாபைட்தான்; ஆனால் திரையில் காட்ட விரிக்கும்போது நினைவகத்தில் சுமார் 48 மெகாபைட் பிடிக்கும். வரைபடத்தில் அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தாலும் பல மென்பொருள்களில் முழுப் படமும் ஏற்றப்படும். 800 புள்ளி அகலத்துக்குக் குறைத்த பிரதியைப் போட்டால் அதே படத்துக்கு 2 மெகாபைட் கூட ஆகாது. சோதனை எளிது: நகலில் படங்களை எல்லாம் நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஃப்ரீப்ளேனில் சமன் குறியில் தொடங்கும் சூத்திரங்கள் நிறைய இருந்தால் அவற்றையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஃப்ரீமைண்டும் ஃப்ரீப்ளேனும் ஜாவா என்ற நிரல் தளத்தின் மேல் ஓடுபவை. ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகம் போதாமல் போனால் கணினியில் எவ்வளவு காலி இருந்தாலும் அதைத் தொட மாட்டா. அந்த ஒதுக்கீட்டை மென்பொருளின் தொடக்க அமைப்புக் கோப்பில் கூட்டலாம். அந்தக் கோப்பைத் திருத்திப் பழக்கம் இல்லாதவர்கள் கணினிப் பிரிவினரிடம் விட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை.

இதற்கும் மசியாவிட்டால் வரைபடத்தைப் பிரிக்க வேண்டியதுதான். முதல் நிலைக் கிளை ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக்கி, தாய் வரைபடத்தில் இணைப்பு மட்டும் வையுங்கள். மென்பொருள் படுத்துவிடும் அளவுக்கு வளர்ந்த வரைபடத்தை எப்படியும் எவரும் முழுதாகப் படிப்பதில்லை.

## அறிகுறி: கோப்பு திறக்கவே மறுக்கிறது

### அளவைப் பாருங்கள்

பூஜ்யம் என்று காட்டினால், ஒன்று மேகச் சேமிப்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை, அல்லது சேமிக்கும் நேரத்தில் எழுதி முடியவில்லை. இணையத்தில் அதே கோப்பின் அளவோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

### பதிப்பு பொருந்துகிறதா?

புதிய எக்ஸ்மைண்டில் சேமித்ததைப் பழைய எக்ஸ்மைண்ட் 8-இல் திறந்தால் உங்கள் வரைபடம் வராது. ஓர் எச்சரிக்கை வாசகம் மட்டும் வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டுப் புதிய பதிப்பில் திறங்கள்.

### ஃப்ரீமைண்ட், ஃப்ரீப்ளேன் கோப்பு என்றால்

இரண்டும் எழுதுவது எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிச்சொற்களுக்கு இடையில் எழுதும் முறை) வடிவில் உள்ள வெறும் உரைக் கோப்பு. நகலின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டை எக்ஸ்எம்எல் என்று மாற்றி உலாவியில் திறந்து பாருங்கள். எங்கே உடைந்திருக்கிறது என்பதை உலாவியே வரி எண்ணோடு சொல்லிவிடும். உரைத் திருத்தியில் அந்த வரிக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து. விளக்கக்காட்சி மென்பொருளில், ஒரே பத்திக்குள் வரியை உடைத்து எழுதிய வாசகத்தை நகலெடுத்து ஒட்டும்போது அது கூடவே வந்துவிடும். எக்ஸ்எம்எல் அதை ஏற்காது. அந்த ஓர் எழுத்தை அழித்தால் கோப்பு உயிர்பெறும். மற்றொன்று, கடைசிப் பகுதி அறுந்திருப்பது. முழுமையான கோப்பின் முடிவில் 'மேப்' என்ற குறிச்சொல் மூடியிருக்கும். அது இல்லாமல் நடுவில் நின்றிருந்தால், திறந்தபடி விட்ட குறிச்சொற்களை வரிசையாக மூடிவிட்டால் அதுவரை உள்ளவை திரும்பக் கிடைக்கும்.

உரைத் திருத்தியில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் எண்ணும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது சேதம் இல்லை. தமிழை அப்படித்தான் அந்தக் கோப்பு எழுதி வைக்கும். உலாவியில் அதே வரி தமிழாகத் தெரியும்.

### எக்ஸ்மைண்ட் கோப்பு என்றால்

அது உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே உரைகள் ஒரு கோப்பில் இருக்கும். புதிய பதிப்புகளில் அது ஜேசன் என்ற உரை வடிவில், பழையவற்றில் எக்ஸ்எம்எல்லில். படங்கள் தனிக் கோப்புறையில் கிடக்கும். வரைபடமாகத் திறக்காவிட்டாலும் வாசகங்களையாவது இப்படி மீட்கலாம்.

### எப்போது நிறுத்துவது?

கோப்பின் அளவு சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமே எழுதப்படாமல் வெற்றுக் குறியீடுகளாகவே இருந்தால், சேமிக்கும்போது மின்சாரம் போயிருக்கலாம். அந்தக் கோப்பில் மீட்க ஒன்றும் இல்லை. தானியங்கிச் சேமிப்பு எங்கே போகிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் பார்த்து, அந்தக் கோப்புறைக்குப் போங்கள். ஃப்ரீப்ளேன் பேக்கப் என்ற மறைந்த கோப்புறையில் வைக்கும். மற்றக் கோப்புகளும் திறக்கத் தயங்குகின்றன, வட்டு வினோதமாகச் சத்தமிடுகிறது என்றால் கணினியை அணைத்துவிட்டுத் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். அதே வட்டில் மீட்பு மென்பொருளை நிறுவிப் பார்க்கும் ஆசை வேண்டாம். நிறுவுவதே மீட்க வேண்டியதன் மேல் எழுதுவதாகிவிடும்.

## அறிகுறி: படங்களும் இணைப்புகளும் மட்டும் வரவில்லை

ஃப்ரீப்ளேன் வெளிப் படங்களை விழுங்கி வைப்பதில்லை. அவை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். வரைபடக் கோப்பைத் தனியாக அனுப்பினால் படங்கள் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். எக்ஸ்மைண்ட் படங்களைப் பொதிக்குள்ளேயே வைப்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. இணைப்புகளுக்கும் இதே கதைதான். முழுப் பாதையாக எழுதிய இணைப்பு அடுத்த கணினியில் செல்லாது. அமைப்பில் 'சார்புப் பாதை' (வரைபடக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் பாதை) தேர்ந்து, வரைபடத்தையும் அது சுட்டும் ஆவணங்களையும் ஒரே கோப்புறைக்குள் வைத்து, அனுப்பும்போது கோப்புறையோடு அனுப்புங்கள். ஏற்கெனவே எழுதிய முழுப் பாதைகள் தாமாக மாறா. உரைக் கோப்பாகத் திறந்து பழைய பாதையைத் தேடி ஒரே வீச்சில் மாற்றலாம்.

விண்டோஸில் கோப்புறைக்குள் கோப்புறையாகப் பத்தடுக்கு வைத்துத் தமிழில் நீளப் பெயர் சூட்டியிருந்தால் இன்னொரு வேலி உண்டு: பல மென்பொருள்கள் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் திறக்காது. தமிழில் ஒரு 'கொ' கூடக் குறைந்தது இரண்டு எழுத்தாக எண்ணப்படும். மேல்மட்டக் கோப்புறைகளின் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

## அறிகுறி: தமிழ் உடைந்து வருகிறது

எங்கே உடைகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### திரையிலேயே கட்டம் கட்டமாக

பெட்டிக்குத் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா யுஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை வரைபடத்தின் இயல்பு நடையாக வையுங்கள். ஒவ்வொரு பெட்டியாக மாற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

### லத்தீன் எழுத்துகளின் குவியலாக

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டியிருக்கிறீர்கள். எழுத்துருவை மாற்றினால் திரையில் சரியாகத் தோன்றும். தேடினால் கிடைக்காது, மற்றவர் கணினியில் மறுபடி உடையும். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவதே தீர்வு.

### பிடிஎஃப் ஏற்றுமதியில் கொம்பு இடம் மாறி

'செலவு' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், ஏற்றுமதி செய்யும் பகுதிக்கு இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றுவதில் நேரத்தைக் கரைக்காதீர்கள். எச்டிஎம்எல் (இணையப் பக்கம்) அல்லது எஸ்விஜி (கோடுகளாகச் சேமிக்கும் படம்) வடிவில் ஏற்றுமதி செய்து உலாவியில் திறங்கள். உலாவி தமிழை ஒழுங்காக அடுக்கும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக அச்சிடுங்கள். எஸ்விஜியிலும் உடைந்தால் பிஎன்ஜி படமாக எடுப்பதுதான் மிச்சம். அதில் வாசகத்தைத் தேட முடியாது என்பதை மட்டும் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

### எக்செல்லில் திறந்தால்

வரைபடத்திலிருந்து ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை உரையை) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செல்லின் 'தரவு' பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து கொண்டுவரும் வழியில் போய், குறியாக்கத்தில் 65001 என்று குறித்திருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள்.

## அறிகுறி: வேறு மென்பொருளுக்கு மாற்றினால் பாதிதான் போகிறது

ஓபிஎம்எல் 2000-ஆம் ஆண்டில் உரை அடுக்குகளைப் பரிமாற உருவான வடிவம். எது எதன் கீழ் என்பதை அது ஒழுங்காகக் கொண்டுபோகும். வண்ணம், சின்னம், படம், கிளைகளுக்கு இடையிலான குறுக்குக் கோடு ஆகியவற்றுக்கு அதில் பொதுவான இடம் கிடையாது. அவை வரவில்லை என்றால் அது பிழை ஆகாது. குறிப்புகள் சில மென்பொருள்களில் வரும், சிலவற்றில் வராது. ஆகவே முழுவதையும் மாற்றுமுன் குறிப்பும் தேதியும் உள்ள மூன்று பெட்டிகளை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

வண்ணத்துக்கு அர்த்தம் வைத்திருந்தால் மாற்றுவதற்கு முன் அதை வாசகமாக்குங்கள். சிவப்பு என்றால் அவசரம் என்பது உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. "அவசரம்:" என்று பெட்டியின் தொடக்கத்தில் எழுதினால் எங்கும் போய்ச் சேரும்.

வெறும் உரையாக ஒட்டும்போது எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து விழுகிறதா? உள்தள்ளலுக்கு டேப் விசைக்குப் பதில் இடைவெளிகள் இருக்கின்றன. உரைத் திருத்தியில் ஒரு மட்டத்துக்கு ஒரு டேப் என்று மாற்றி ஒட்டினால் மரம் எழுந்து நிற்கும். தேதிகளை 2025-04-03 போல ஆண்டை முதலில் வைத்து எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் ஒரு மென்பொருள் ஏப்ரல் என்று படிக்கும், மற்றொன்று மார்ச் என்று படிக்கும்.

## அறிகுறி: இருவர் திருத்தினோம், ஒருவருடையது அழிந்துவிட்டது

கோப்பாகச் சேமிக்கும் வரைபடத்தைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இருவர் ஒரே நேரத்தில் திறந்தால், கடைசியாகச் சேமித்தவர் வென்றுவிடுவார். ஒத்திசைக்கும் மென்பொருள் முரண்பட்ட பிரதி ஒன்றைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்திருக்கும். கணினியின் பெயரோ 'முரண்' என்ற பொருளுள்ள சொல்லோ கோப்புப் பெயரில் ஒட்டியிருக்கும். இரண்டையும் ஓபிஎம்எல் அல்லது உரையாக ஏற்றுமதி செய்து, கோப்புகளை ஒப்பிடும் கருவியில் பக்கத்தில் பக்கமாகப் பார்த்து இணையுங்கள். கண்ணால் வரைபடத்தைப் பார்த்து ஒப்பிட முடியாது.

மறுபடி வராமல் இருக்க இரண்டே வழி: கிளைக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரிப்பது, அல்லது பலர் ஒரே நேரத்தில் திருத்தும் இணையச் சேவைக்குக் காசு கொடுப்பது. "திறக்கும்போது குழுவில் சொல்லிவிடுங்கள்" என்ற ஏற்பாடு முதல் வாரம் மட்டும் ஓடும்.

## அறிகுறி: அச்சிட்டால் எறும்பு எழுத்து

12 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் 120 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவிய வரைபடத்தை ஏ3 தாளின் 42 சென்டிமீட்டருக்குள் அடக்கினால் எழுத்து 4 புள்ளிக்குச் சுருங்கும். பூதக்கண்ணாடி வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு மட்டம் வரை மடக்கிய வரைபடம் ஒரு தாள், பிறகு கிளைக்கு ஒரு தாள் என்று எடுங்கள். பெரிய தாளில் அச்சிடும் கடைக்குப் போவது இதற்கும் அடங்காவிட்டால்தான்.

## அறிகுறி: வரைபடம் அழகாக இருக்கிறது, வேலை மட்டும் நகரவில்லை

இதை மென்பொருளின் பிழை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் மேலே உள்ள எல்லாவற்றையும்விட அதிகம் பார்ப்பது இதைத்தான். அலுவலகத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு சோதிப்போம்.

### பெட்டியில் பெயர் மட்டும் இருக்கிறதா?

'இணையம்', 'மேசைகள்', 'மின்வேலை' என்று எழுதியிருந்தால் அவை தலைப்புகள். எவரும் அவற்றைச் செய்து முடிக்க முடியாது. நுனியில் உள்ள (மேலும் பிரியாத) பெட்டிகளை மட்டும் எடுத்து, முடிந்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள். 'இணையம்' என்பதை "புதிய தளத்தில் இணைய இணைப்பு சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று மாற்றுங்கள். எழுதும்போதே "யார் ஒப்புக்கொள்வது?" என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் சோதனை.

### பொறுப்பாளர் ஒருவரா?

நுனிப் பெட்டிக்கு ஒரு பெயர். இரண்டு பெயர் இருந்தால் பெட்டியை இரண்டாக்குங்கள். துறையின் பெயர் இருந்தால் பொறுப்பாளர் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

### அளவு சரியா?

திட்ட மேலாளர்களிடம் 8/80 என்று ஒரு விதி புழங்குகிறது: நுனி வேலை 8 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 80 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. 'பழைய நாற்காலிக்குப் பட்டி ஒட்டு' என்று ஆறாம் மட்டத்தில் ஒரு பெட்டி இருந்தால் அது கைப்பட்டியலுக்குப் போக வேண்டியது. 'மின்வேலை' என்று இரண்டு மாதத்துக்கு ஒரே பெட்டி இருந்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

### சதவீதம் ஏமாற்றுகிறதா?

பல மென்பொருள்கள் தாய்ப் பெட்டியின் முன்னேற்றத்தைக் குழந்தைகளின் வெறும் சராசரியாகக் காட்டும். இரண்டு மணி நேர வேலையும் நாற்பது மணி நேர வேலையும் ஒரே தாயின் கீழ் இருந்து, சிறியது மட்டும் முடிந்திருந்தால் 50 சதவீதம் என்று காட்டும். உழைப்புக் கணக்கில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. மணி நேரத்தை எடையாகக் கொடுக்க வழியிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் சதவீதத்தை அணைத்துவிட்டு முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டோடு நிறுத்துங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். 90 சதவீதத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெட்டிகள் அதோடு ஒழியும்.

### குறுக்குச் சார்பு மறைந்திருக்கிறதா?

மர அமைப்பில் ஒரு பெட்டிக்கு ஒரே தாய். ஆனால் மின்வேலை முடியாமல் இணையச் சோதனை நடக்காது. இணையம் இல்லாமல் கணினிகளை நகர்த்த முடியாது. இவை மூன்று வெவ்வேறு கிளைகளில் இருக்கும். ஒன்று தாமதமானால் மற்றவற்றில் எந்த அடையாளமும் தெரியாது. ஒவ்வொரு நுனியிலும் "இதற்கு முன் எது முடிய வேண்டும்?" என்று கேட்டு, விடை வேறு கிளையில் இருந்தால் குறுக்கு அம்பு போடுங்கள். ஒரே வேலை இரண்டு கிளைகளில் தெரிய வேண்டும் என்றால் ஃப்ரீப்ளேனில் குளோன் பெட்டி உண்டு; ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் இரண்டு உண்மைகள் உருவாகிவிடும்.

### எப்போது அட்டவணை போடுபவரை அழைப்பது?

குறுக்கு அம்புகள் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கும்போது வரைபடத்தின் வேலை முடிந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் அட்டவணை போடும் மென்பொருளுக்கு மாறுங்கள். கான்ட்புராஜெக்ட், புராஜெக்ட்லிப்ரே இரண்டும் இலவசம். ஒப்பந்தத்தில் தாமத அபராதம் இருந்தால், ஒரே ஆள் மூன்று திட்டங்களில் இழுபட்டால், அல்லது ஒரு தேதி நகர்ந்தால் கடைசித் தேதி எவ்வளவு நகரும் என்று மேலிடம் கேட்டால், திட்ட அட்டவணை தெரிந்த ஒருவரை அழைத்துவிடுங்கள். அவரிடம் வரைபடத்தின் படத்தைக் கொடுக்காதீர்கள். நுனிப் பெட்டிகளை விரிதாளாக ஏற்றுமதி செய்து, வரிசை எண், வேலை, பொறுப்பாளர், மணி நேரம், முந்தைய வேலையின் எண் என்ற ஐந்து பத்திகளோடு கொடுங்கள். கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.